பென்ஹரின் மழைக் காட்சியும் மற்றவையும்: உங்களை விடாமல் தொடரும் ஒரு காட்சி எது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

படத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 1959-இல் வந்த பென்ஹர். தேரோட்டப் பந்தயம், பதினொரு ஆஸ்கார் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க வந்தது கடைசி இருபது நிமிடத்தைப் பற்றி.

அம்மாவுக்கு அந்தப் படம் உயிர். சிறுமியாக இருந்தபோது தாத்தா தியேட்டருக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார். அதன்பிறகு எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி என்றால் ஏழு வார்த்தை ஆராதனை, கஞ்சி, மாலையில் பென்ஹர். குறுந்தட்டு தேய்ந்து சிக்கிச் சிக்கி ஓடும். பென்ஹரின் எதிரி மெஸ்ஸாலா தேர்க் குதிரைகளின் காலடியில் மிதிபடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொழுநோய் பிடித்த பென்ஹரின் தாயும் தங்கையும் குணமாகும் இடம் வந்தால் மட்டும் வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். இடி, மின்னல், சிலுவையடியில் தேங்கிய இரத்தம் மழைநீரோடு கலந்து ஓடுவது, குகைக்குள் அந்தத் தாய் தன் கையைத் தானே பார்ப்பது. அந்த இடத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் அழுவார். நாங்களும் பழகிப்போய்விட்டோம்.

புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை நடந்துகொண்டிருந்த வருடமும் படம் போட்டோம். தம்பிதான் போட்டான். அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். மூன்று மணி நேரமும் பார்த்தார். மழை தொடங்கியது. உடனே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். பால் ஏற்கெனவே காய்ச்சி வைத்திருந்தது. மறுபடியும் அதையே காய்ச்சினார். இசையமைப்பாளர் ரோஸாவின் இசை உச்சத்துக்குப் போகிறது, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை.

அவர் கோபத்தில் எழுந்தாரா, நாங்கள் அழுவோம் என்று எழுந்தாரா, ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் உறவினர்களுக்கு அந்தப் படத்தைப் போட வேண்டும் என்று தம்பி சொல்கிறான். எனக்கு அந்த மழையை மறுபடி பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. இந்த வகைப் படங்களில் ஏதாவது ஒரு காட்சி உங்களை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? எழுதுங்கள்.


நெசவாளி மகன் எழுதியது:

அக்கா, உங்கள் அம்மா ஏன் எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. என் தங்கை அங்கே இருந்திருந்தால் அவளும் எழுந்திருப்பாள்.

தங்கைக்கு இளம்பிள்ளைவாதம். இடது காலில் இரும்புப் பட்டை. சின்ன வயதில் அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு போகாத சுகமளிக்கும் கூட்டம் இல்லை. அப்பாவுக்கு நம்பிக்கை அதிகம். முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள், தலையில் கை வைப்பார்கள், எழுந்து நட என்பார்கள். அவள் எழுந்து நிற்பாள், விழுவாள். ஒருமுறை ஒரு போதகர் ஒலிபெருக்கியில் "மகளே, உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றார். அப்போது அவள் ஏழாம் வகுப்பு.

பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் கணினியில் தி ரோப் பார்த்தோம். 1953-இல் சினிமாஸ்கோப்பில் வெளிவந்த முதல் படம் என்பதற்காகத்தான் நான் அதைத் தேடி எடுத்தேன். அகன்ற திரைக்காக எடுத்ததைப் பதினான்கு அங்குலத்தில் பார்த்தது வேறு விஷயம். சிலுவையடியில் சூதாடி இயேசுவின் அங்கியை ஜெயித்துக்கொண்டு போகும் ரோமானிய அதிகாரி மார்செல்லஸ், அதைத் தொட்டதிலிருந்து புத்தி பேதலித்து அலைகிறான். நடித்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். அந்த அங்கியை அழிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டு கானா ஊருக்கு வருகிறான். அங்கே மிரியாம் என்ற பெண், கால் விளங்காதவள், யாழை மடியில் வைத்துக்கொண்டு ஊர் மக்கள் நடுவில் பாடுகிறாள்.

மார்செல்லஸுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஆண்டவர் அவ்வளவு அற்புதம் செய்தவர் என்றால் உன் காலை ஏன் அப்படியே விட்டுவிட்டார் என்று கேட்கிறான். அவள் பதில் சொல்கிறாள். தானும் அப்படித்தான் நினைத்திருந்ததாகவும், காலைக் குணமாக்கியிருந்தால் தான் சிரிப்பதிலும் பாடுவதிலும் ஆச்சரியம் இருந்திருக்காது என்றும், அவர் அதைவிடப் பெரிய ஒன்றைத் தனக்குச் செய்துவிட்டார் என்றும் சொல்கிறாள்.

தங்கை அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். பார்த்து முடித்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அண்ணா, அந்த ஊரில் ஒருவர்கூட அவளை எழுந்து நடக்கச் சொல்லவில்லை, கவனித்தாயா?"

நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், உண்மைதான். அவளைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பாட்டைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வகைப் படங்களில் குருடர் பார்ப்பதையும் முடவர் நடப்பதையும் ஆயிரம் முறை காட்டியிருக்கிறார்கள். குணமாகாத ஒருத்தியை ஊரின் நடுவில் உட்கார வைத்துப் பாட விட்ட படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால் சொல்கிறேன், நினைவு நாளுக்கு பென்ஹர் வேண்டாம், இதைப் போடுங்கள்.


வார்டு விளக்கு எழுதியது:

நான் தொழுநோய் மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாமிரபரணிக்கரை அம்மா சொன்ன அதே மழைக் காட்சியை நான் நோயாளிகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தவக்காலத்தில் வெளியிலிருந்து யாரோ திரையும் ப்ரொஜெக்டரும் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள்.

படத்தில் பென்ஹரின் காதலி எஸ்தர் தொழுநோயாளிகளின் பள்ளத்தாக்குக்குச் சாப்பாடு கொண்டுவந்து பாறைமேல் வைத்துவிட்டு விலகி நிற்பாள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். என் பக்கத்தில் இருந்த பாட்டி "எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இப்படித்தான் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள்" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை, அடையாளம் கண்டுகொண்ட குரல். பிறகு எருசலேம் தெருவில் குருட்டுப் பிச்சைக்காரன், காசு போட்டவனோடு தொழுநோயாளிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தக் காசைக் கீழே கொட்டிவிடுவான். வார்டில் அந்த இடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. எத்தனையோ பேர் வாழ்க்கையில் அது நடந்திருக்கிறது.

மழை வந்து இருவரும் குணமானார்கள். பாட்டி என் பக்கம் திரும்பி, "விரலும் திரும்ப வந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டார். அவருடைய இரண்டு கையிலும் விரல்கள் பாதிதான். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

படம் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சில இருக்கின்றன, அதனால் எழுதுகிறேன். இந்த நோய்க்குக் காரணமான கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். இன்று ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் என்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் போய்விடும். அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. தட்டைத் தள்ளி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

உடம்பில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் உடனே காட்டுங்கள். வலிக்கவில்லை, அரிக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. விரல்களை நோய் தின்றுவிடுவதாக மக்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால் சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது, புண் ஆறாமல் ஆறாமல் விரல் போகிறது. இதை நமக்கெல்லாம் எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் வேலூரில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்தார். உணர்ச்சியில்லாத காலை உடையவர்கள் தினமும் மாலையில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மெத்தென்ற ரப்பர் அடிவைத்த செருப்பு போட வேண்டும், கண் மூடாதவர்கள் இரவில் கண்ணை மூடித் துணி கட்ட வேண்டும். 2019 வரை கணவனோ மனைவியோ தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அதை இப்போது நீக்கிவிட்டார்கள்.

நெசவாளி மகன் தம்பிக்கு ஒன்று. குணமாகாதவளைக் காட்டிய படம் நல்லது என்கிறீர்கள், சரி. ஆனால் குணமாகக்கூடிய நோயோடு ஒருவர் குணமாகாமல் இருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். "உள்ளத்தில் பெரியது கிடைத்தது" என்ற ஆறுதல் அவர்களுக்கு வேண்டாம். மாத்திரைதான் வேண்டும்.


கறுப்பு வெள்ளை எழுதியது:

இங்கே எல்லோரும் ஹாலிவுட்டையே பேசுகிறீர்கள். பல்லாயிரம் துணை நடிகர்கள், அட்டைக் கோட்டைகள், நான்கு மணி நேர ஓட்டம். எனக்கு அதில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அரங்க அமைப்பு இருக்கிறது.

திரைப்பட சங்கத்தில் இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964-இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்தைப் போட்டார்கள். எனக்கு அப்போது கல்லூரி. அந்தப் படத்தில் தொழிலாக நடிப்பவர்கள் கிட்டத்தட்ட யாரும் இல்லை. தெற்கு இத்தாலியின் மத்தேரா ஊரின் ஏழை முகங்கள்தான் எருசலேம். பாறை, புழுதி, காற்று. ஒரு தொழுநோயாளி நடந்து வருகிறான். முகம் முழுக்கச் சிதைந்திருக்கிறது. இயேசுவும் அவனை நோக்கி நடக்கிறார். ஒரு முகம், இன்னொரு முகம். அடுத்த நொடியில் அவன் முகம் தெளிந்து, சிரிக்கிறான். இடி இல்லை, மின்னல் இல்லை. என் பின்வரிசையில் ஒருவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை.

பசோலினி மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். படத்தைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சிலுவையடியில் கதறும் மரியாளாக நடித்தது அவருடைய சொந்தத் தாய். மகன் சாவதைப் பார்க்கும் தாய் எப்படி இருப்பாள் என்று தன் அம்மாவையே நிறுத்திக் காட்டியிருக்கிறார். அந்தக் கதறலுக்குப் பக்கத்தில் உங்கள் மழைக் காட்சி நிற்குமா?

செவிலி அம்மா மருத்துவ வகுப்பு எடுத்தது நல்ல விஷயம், ஆனால் இது சினிமாவைப் பற்றிய இழை. விரல் வந்ததா என்று கேட்க வைத்தது படத்தின் குறை. அற்புதத்தை அலங்காரமாக்கினால் அப்படித்தான் கேள்வி வரும்.


நெசவாளி மகன் எழுதியது:

கறுப்பு வெள்ளை அவர்களே, பசோலினி படமும் பார்த்திருக்கிறேன். மரியாதை உண்டு. ஆனால் பாட்டியின் கேள்வி படத்தின் குறையால் வந்ததில்லை. அந்தப் பாட்டி உங்கள் படத்தைப் பார்த்திருந்தாலும் அதையே கேட்டிருப்பார். முகம் தெளிந்ததா, கை என்ன ஆயிற்று என்று. அழகாக எடுத்தால் அந்தக் கேள்வி மறைந்துவிடுமா?

செவிலி அம்மா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மருந்து உள்ள நோய்க்கு மருந்துதான். இளம்பிள்ளைவாதத்தில் போன காலுக்கு மருந்து இல்லை, அதனால்தான் மிரியாம் எங்கள் வீட்டுக்கு ஒத்து வந்தாள். தங்கையிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். மாலையில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தன்னிடமும் இருக்கிறது, பட்டை உரசுகிற இடத்தில் புண் வருமே என்றாள்.


சிறைப்பள்ளி எழுதியது:

நீங்கள் எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பரபாஸைப் பற்றிச் சொல்கிறேன்.

மத்திய சிறை ஒன்றில் எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். பண்டிகை நாட்களில் படம் போட அனுமதி உண்டு. 1961-இல் வந்த பரபாஸை எடுத்துப் போனேன், ஆண்டனி க்வின் நடித்தது. ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது என்பதால் நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். யாருக்குப் பதில் இயேசு சிலுவையில் ஏறினாரோ அந்தக் கொள்ளைக்காரனின் கதை. வேதாகமத்தில் விடுதலையோடு அவன் மறைந்துவிடுகிறான். பிறகு அவன் என்ன ஆனான் என்று ஸ்வீடன் எழுத்தாளர் பார் லாகர்க்விஸ்ட் நாவல் எழுதினார். நாவல் வந்த மறு வருடம், 1951-இல், அவருக்கு நோபல் பரிசு. படம் அந்த நாவலிலிருந்து வந்தது.

நிலவறையிலிருந்து பரபாஸை வெளியே தள்ளுகிறார்கள். வெளியே பட்டப்பகல். வெளிச்சம் தாங்காமல் கண்ணைக் கையால் மறைக்கிறான். நான் தற்செயலாகக் கூட்டத்தைப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் ஒருவர், ஆயுள் தண்டனைக் கைதி, அவரும் கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேலே வைத்திருந்தார். திரையில் இருந்த வெயில் அவர்மேல் அடிக்கவில்லை. அவருக்கே தெரியாமல் கை போயிருக்கிறது.

சிலுவைக் காட்சியில் வானம் இருள்வது உண்மையான சூரிய கிரகணம், 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் நடந்தது, அதற்காகக் காத்திருந்து படம் பிடித்தார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் முடிந்ததும் அந்தக் கைதி கேட்டார்: "சார், அவனை விடுதலை செய்தார்கள், சரி. அவனுக்கு யாராவது ஒரு வேலை கொடுத்தார்களா?"

படத்தில் கொடுக்கவில்லை. பழைய சாராயக் கடைக்குத்தான் திரும்புகிறான். அங்கே அவனுடைய ராகேல் மாறிப்போயிருக்கிறாள், இயேசுவைப் பற்றிப் பேசுகிறாள், அதற்காகக் கல்லெறிந்து கொல்லப்படுகிறாள். இவன் மறுபடி திருடுகிறான், பிடிபடுகிறான், கந்தகச் சுரங்கத்துக்குப் போகிறான். விசுவாசியான சஹாக்கோடு ஒரே சங்கிலியில் கிடந்தும் நம்பிக்கை வரவில்லை. நாவலில் ஓர் இடம் உண்டு. உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் அவர் பெயரை உன் கழுத்துத் தகட்டில் ஏன் பொறித்திருக்கிறாய் என்று கேட்டால், நம்ப வேண்டும் என்று ஆசை என்கிறான். கடைசியில் ரோம் எரியும்போது, உலகம் முடிகிறது, தேவனுக்கு உதவுகிறேன் என்று நினைத்து இவனும் தீப்பந்தம் எடுத்துக் கொளுத்துகிறான். அதையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். சிலுவையில் தொங்கும்போது இருட்டைப் பார்த்து, என்னை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்கிறான். தேவனிடம் சொன்னானா இருட்டிடம் சொன்னானா என்பதைப் படமும் தீர்த்துச் சொல்லவில்லை.

பென்ஹர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, அவனுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது, காத்திருக்க எஸ்தர் இருந்தாள். மன்னிப்பு அவனுக்குச் சுலபம். பரபாஸுக்காக ஒருவர் செத்தேவிட்டார், அப்படியும் அவனால் முடியவில்லை. மீட்பு என்று பேசினால் அவனைப் பற்றித்தான் பேச வேண்டும். சிறையிலிருந்து வெளிவருபவர்களுக்கு உங்கள் ஊரில் கடையோ பட்டறையோ இருந்தால் வேலை கொடுங்கள். நடத்தை எப்படி என்று சிறைநல அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் தினக்கூலியாகவாவது வையுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார் எதுவும் கையில் இருக்காது, அதையும் கூடப்போய் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு வீடு கிடைக்காது, ஒரு பெரியவர் பொறுப்பேற்றால்தான் கிடைக்கும். திருவிழா நாளில் சிறைக்குப் பிரியாணிப் பொட்டலம் அனுப்புகிறவர்கள் இதைச் செய்தால் நல்லது.


முத்துக்குளித்துறை எழுதியது:

நான் முஸ்லிம். நபிமார்களைத் திரையில் உருவமாகக் காட்டுவது எங்களுக்கு ஏற்புடையதில்லை, அதனால் இந்தப் படங்கள் எதுவும் எங்கள் வீட்டில் ஓடியதில்லை. வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் பென்ஹர் பார்த்திருக்கிறார். ஈசா நபியின் முகத்தை அந்தப் படத்தில் காட்டவே இல்லை என்று வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு நானே பார்த்தேன். நாசரேத்தில் கைதிகளை நடத்திக்கொண்டு போகிறார்கள். இவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அதிகாரி கத்துகிறான். கதாநாயகன் யூதா பென்ஹர் மண்ணில் விழுகிறான். ஒரு கை வந்து தண்ணீர் கொடுக்கிறது. அதிகாரி சாட்டையோடு வருகிறான். தண்ணீர் கொடுத்தவர் எழுந்து நிற்கிறார், அவருடைய முதுகு மட்டும் நமக்குத் தெரிகிறது. அதிகாரி அந்த முகத்தைப் பார்க்கிறான். சாட்டை இறங்குகிறது. போகப் பார்க்கிறான், நிற்கிறான், திரும்பிப் பார்க்கிறான், மறுபடி போகிறான். அந்த ஒரு நடிகரின் முகத்திலேயே எல்லாம் வந்துவிடுகிறது.

1899-இல் இந்தக் கதையை நாடகமாகப் போட்டபோதும் மூல நாவலின் ஆசிரியர் ஒப்புக்கொண்டது ஒரு நடிகரும் ஈசா நபியின் வேடத்தில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். வெளிச்சக் கற்றையை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை சொல்கிற அலங்காரத்துக்கு நடுவில் இந்த அடக்கமும் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பேச வேண்டும்.


ஈரோட்டுப் பிள்ளை எழுதியது:

எங்கள் வீடு சுயமரியாதைக் குடும்பம். அப்பா கடைசிவரை கறுப்புச் சட்டை. அலமாரியில் மதத்தைக் கேள்வி கேட்ட அமெரிக்கப் பேச்சாளர் இங்கர்சால் நூல்களின் மொழிபெயர்ப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழ்நாட்டில் எப்படிப் பரப்பினார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பென்ஹருக்கும் இங்கர்சாலுக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் அப்பாவை அந்தப் படத்துக்கு இழுத்தது.

நாவலை எழுதிய லூ வாலஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர். 1876-இல் ரயிலில் இங்கர்சாலைச் சந்திக்கிறார். கடவுள், மறுமை, கிறிஸ்து என்று இங்கர்சால் பேசிக்கொண்டே போகிறார். எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தனக்கு எதுவும் தெரியவில்லையே என்று வாலஸுக்கு வெட்கம் வருகிறது. தானே படித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானிக்கிறார். நியூ மெக்சிகோ ஆளுநராக இருந்த காலத்தில் எழுதி முடித்தார், 1880-இல் நாவல் வெளிவந்தது. எழுதி முடித்தபோது அவர் நம்பிக்கையாளர் ஆகியிருந்தார். அப்பா இதைச் சொல்லிவிட்டு, "கேள்வி கேட்டவரால் வந்த புத்தகம்" என்பார்.

நானும் அப்பாவும் சேர்ந்து பார்த்தோம். அந்தச் சமயம் பங்காளிகளோடு ஒரு கிணற்றுக்காக வழக்கு நடந்துகொண்டிருந்தது, அவர்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தார். படத்தின் கடைசியில் யூதா வீட்டுக்கு வருகிறான். எஸ்தரிடம் சொல்கிறான். சாகும் நேரத்தில்கூட அவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்றதைக் கேட்டதாகவும், அந்தக் குரல் தன் கையிலிருந்து வாளை எடுத்துக்கொண்டதாகவும் சொல்கிறான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகுதான் மாடிப்படியில் தாயும் தங்கையும் வருகிறார்கள். அப்பா, "அந்த மழை வேண்டியதே இல்லை. வாள் போன இடத்திலேயே கதை முடிந்துவிட்டது" என்றார்.

தாமிரபரணிக்கரை அக்கா, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மறுபடி பார்த்தால் வரிசையைக் கவனியுங்கள். மழையில் குணமானது எஸ்தருக்குத் தெரியும், நமக்குத் தெரியும். யூதாவுக்குத் தெரியாது. அவன் சிலுவை நட்ட கொல்கொதாவில் நின்றுகொண்டிருந்தான். அம்மாவும் தங்கையும் இன்னும் நோயோடுதான் இருக்கிறார்கள், தங்கை அநேகமாகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வாளை விட்டுவிட்டேன் என்கிறான். குணமானதற்குக் கைம்மாறாக மன்னிக்கவில்லை. உங்கள் அம்மா அத்தனை முறை பார்த்தவர், இது அவருக்குத் தெரிந்திருக்கும். மழையைத் தவிர்த்துவிட்டு அவர் மாடிப்படிக் காட்சிக்குத் திரும்பி வந்தாரா? அதை நீங்கள் எழுதவில்லை.

சிறைப்பள்ளி ஐயாவுக்கும் இதுவே பதில். பென்ஹருக்கு மன்னிப்பு சுலபம் என்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்தவரை அவனுடைய வீடு காலியாக இருந்தது.


தாமிரபரணிக்கரை எழுதியது:

வந்தார். பால் டம்ளரோடு வந்து வாசற்படியில் நின்று பார்த்தார், உட்காரவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. தம்பிக்கும் போன் செய்து கேட்டேன், அவனும் அப்படித்தான் சொல்கிறான். வரிசையைப் பற்றி நான் இதுவரை யோசித்ததில்லை. நினைவு நாளில் படத்தைப் போடச் சொல்லிவிட்டேன்.

செவிலி அம்மா, எங்கள் ஊரில் ஒருவருக்கு நீங்கள் சொன்ன மாதிரி தேமல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம்.


ஞாயிறு வகுப்பு எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஈரோட்டுப் பிள்ளை எழுதியது எல்லாம் சரி, ஆனால் மன்னிப்பில் வந்து முடியாத படம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. பத்துக் கட்டளைகள், 1956, செசில் பி. டெமில்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டோம். செங்கடல் பிளக்கும்போது கை தட்டத் தயாராக இருந்தார்கள். அதற்கு முன்னால், எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் சாகும் பஸ்கா இரவு வருகிறது. வானத்திலிருந்து பச்சையாகப் புகைபோல ஒன்று இறங்கித் தெருவெல்லாம் ஊர்ந்து வருகிறது. உள்ளே மோசே குடும்பம் ஆட்டிறைச்சியும் கசப்புக் கீரையும் சாப்பிடுகிறது, வெளியே அலறல் கேட்கிறது. மோசேயை வளர்த்த எகிப்திய இளவரசி பித்தியாள் அங்கே வந்து சேர்கிறாள், தன் பல்லக்கைத் தூக்கி வந்தவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறாள். சேர்த்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் பிடித்த இடம். எகிப்தியருக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது.

பிறகு யூல் பிரைன்னர் நடித்த காட்சி. ராம்சேஸ் மன்னன் செத்த மகனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து பருந்து முகச் சிலையின் கையில் கிடத்தி, இவனுக்கு உயிர் கொடு என்று வேண்டுகிறான். சிலை சும்மா நிற்கிறது. நாங்கள் அதை விக்கிரகம் பேசாது என்பதற்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தோம். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், ஏழு எட்டு வயது இருக்கும், எழுந்து நின்று, "டீச்சர், அந்தப் பையன் என்ன செய்தான்?" என்று கேட்டாள். செங்கடல் வந்தபோதும் அவள் கை தட்டவில்லை.

கூட இருந்த ஆசிரியர்கள் பார்வோனின் கடின இருதயம், எபிரெயக் குழந்தைகளை நதியில் எறிந்த பாவம் என்று பதில் சொன்னார்கள். அதெல்லாம் யாத்திராகமத்தில் இருப்பதுதான். நானும் விசுவாசிதான், அந்த விடுதலை இல்லாமல் எங்களுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பார்வோனைப் பற்றி அவள் கேட்கவில்லை, பையனைப் பற்றிக் கேட்டாள். டெமிலும் அந்தப் பையனைச் சும்மா ஒரு வசனத்தில் சாகடித்துவிட்டுப் போயிருக்கலாம். தகப்பன் தூக்கிக்கொண்டு வரும் முழுக் காட்சியையும் வைத்திருக்கிறார். எதிரியின் துக்கத்தை அவ்வளவு நேரம் ஏன் காட்டினார்?

வருகிற கோடையில் மறுபடி போடச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சிறைப்பள்ளி ஐயா, செவிலி அம்மா, உங்கள் இருவரையும்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.